கதையில் வீடு எரிந்தால் வீட்டில் தீ என்று பொருளா?

வாசகியின் கடிதம் (அடையாளம் தெரியாதபடி சுருக்கப்பட்டது)

ஒன்பது வயதுச் சிறுமியின் தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு மூன்று வயதானபோது வேலைக்காக இவர் வெளியூர் போக நேர்ந்தது. ஐந்தரை வயது வரை பிள்ளையை அப்பாவும் அப்பாவைப் பெற்ற பாட்டியும் பார்த்துக்கொண்டார்கள். இவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோனார். இப்போது மூன்றரை ஆண்டுகளாகத் தாய், தந்தை, மகள் மூவரும் தனி வீட்டில் இருக்கிறார்கள். மகளுக்குப் படிப்பில் குறையில்லை, அடம் இல்லை. ஆனால் அம்மாவின் முன்னால் அவள் அழுவதே இல்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் தோல் உரிந்ததைத் தானே கழுவி, முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறாள். இரவில்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

வகுப்பாசிரியை சொன்னதன் பேரில் ஓர் உளவியலாளரிடம் அழைத்துப் போனார்கள். அவர் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லி, குரலைப் பதிவு செய்தார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டில் இவர்கள் பேசுவது தமிழ். ஒரு பக்க அறிக்கை வந்தது: “பாதுகாப்பற்ற பிணைப்பு, விலகும் வகை.” உதாரணமாக இரண்டு கதைகள் தரப்பட்டிருந்தன. அம்மா மருத்துவமனைக்குப் போகும் படத்துக்கு மகள் சொன்னது: “அந்தப் பெண் பள்ளிக்குப் போனாள். முழு மதிப்பெண் வாங்கினாள். அம்மா திரும்பி வந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.” அப்பா பெட்டியோடு வீட்டை விட்டுப் போகும் படத்துக்கு: “வீடு எரிந்துவிட்டது. எல்லோரும் செத்துப்போனார்கள். அவ்வளவுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாளாம்.

தாயின் கேள்விகள்: தெரியாமல் பிள்ளைக்கு ஏதாவது கொடுமை நடந்திருக்கிறதா? இது நோயா? விட்டுவிட்டுப் போனதற்கு எனக்குக் கிடைத்த தண்டனையா? பொம்மைகள் வாங்கி, இணையக் காணொளியைப் பார்த்து வீட்டில் நானே இரண்டு கதை முயன்றேன், “என்ன சொல்லணும்மா உனக்கு?” என்று கேட்டுவிட்டாள். தொடரலாமா? அறிக்கையைப் பார்த்த மாமியார், “பிள்ளை என்கிட்டயே இருக்கட்டும், டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாரே” என்கிறார். அவருக்கு அந்த உரிமை வருமா? உறவினர் ஒருவர், பிள்ளையை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது ஓயும்வரை விடாமல் இருக்கும் ஒரு சிகிச்சையைச் சொல்கிறார். அழைத்துப் போகலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எரிந்த வீட்டை வைத்து உங்கள் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று யாரும் முடிவு கட்ட முடியாது. இந்த முறை எதை அளக்க உருவானதோ அதில் அந்தக் கேள்வி இல்லை. நடந்ததைக் கண்டுபிடிக்கும் விசாரணை அல்ல இது. மனம் கலங்கும் நேரத்தில் பிள்ளை எந்தப் பக்கம் திரும்புகிறாள், அங்கே அவளுக்கு என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறாள் என்பதைப் பார்க்கும் முறை.

தன்னைப் பார்த்துக்கொள்பவரோடு பிள்ளைக்கு இருக்கும் ஒட்டுதலைத்தான் பிணைப்பு என்கிறோம். கலங்கும் நேரத்தில் அவரை நாடாமல் ஒதுங்கிக்கொள்வது ‘விலகும் வகை’. பிணைப்பு பற்றிய கோட்பாட்டை வகுத்தவர் ஜான் பௌல்பி. அதை அளக்க வழி கண்டவர் மேரி எய்ன்ஸ்வொர்த். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையை அறிமுகமில்லாத அறையில் வைத்து, தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார். பிரியும்போது எவ்வளவு அழுதது என்பதைவிட, திரும்பி வந்தவரிடம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது, எவ்வளவு சீக்கிரம் தேறி விளையாடப் போனது என்பதற்கே அங்கே மதிப்பு அதிகம். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இது செல்லுபடியாகாது. நீங்கள் மூன்று நிமிடம் வெளியே போனால் அவள் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டுவாள். ‘எனக்கு ஒன்று என்றால் யார் வருவார், வந்து என்ன செய்வார்’ என்பது அந்த வயதில் ஓர் எதிர்பார்ப்பாக உள்ளே போய்ப் படிந்திருக்கும். அதை வெளியே வரவழைக்கத்தான் கதை.

சிறு பிள்ளைகளிடம் பொம்மைகளை வைத்துச் செய்வார்கள். இங்கே பிரெதர்டன் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 1990-இல் வெளியிட்ட முறை மூன்று வயதுக் குழந்தைகளுக்கானது. 2000-இல் ஜோனதன் கிரீன் குழுவினர் வெளியிட்ட மான்செஸ்டர் முறை, நாலரை முதல் எட்டரை வயது வரைக்கானது. அதில் பிள்ளை தனக்கென ஒரு பொம்மையும் தன்னைப் பார்த்துக்கொள்பவருக்கென ஒரு பொம்மையும் எடுத்துக்கொள்ளும். தேர்வாளர் முதலில் சிக்கலில்லாத ஒரு கதையில் பழக்குவார். பிறகு பொம்மைப் பிள்ளைக்கு ஒரு துன்பம் வருவதாகத் தொடங்கி, கேட்கும் பிள்ளை அதில் ஒன்றிப்போகும்வரை அதை வளர்த்து, சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கையில் கொடுத்துவிடுவார்.

எட்டு வயதைத் தாண்டியவர்களுக்குப் பொம்மை வீடு குழந்தைத்தனமாகத் தெரியத் தொடங்கும். அவர்களுக்குப் படங்கள், இல்லையென்றால் நேர்காணல். உங்கள் விவரத்தைப் பார்த்தால், பட்ரீசியா கிரிட்டன்டன் உருவாக்கிய பள்ளி வயதினருக்கான முறையோ அதைத் தழுவிய ஒன்றோ நடந்திருக்கலாம். ஆறு முதல் பதின்மூன்று வயது வரைக்கானது அது. படங்கள் சாதாரணமான சிக்கலில் தொடங்கிக் கடுமையானதை நோக்கிப் போகும். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை முதலில் ஒரு கதை சொல்ல வேண்டும். அடுத்து, “உனக்கு இப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?” என்று கேட்டு நிஜ அனுபவத்தைச் சொல்ல வைப்பார்கள். அறிக்கையில் இந்த இரண்டாம் பாதி இல்லாதது என் கண்ணில் முதலில் பட்டது. (மற்றப் படங்களில் என்ன இருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. முன்பே தெரிந்துகொண்டு வரும் பிள்ளையிடம் இந்தத் தேர்வு வீண்.)

இரண்டு கதைகளையும் எப்படிப் படிப்பது

பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சோகமாக முடிந்தால் பிள்ளை சரியில்லை, மகிழ்ச்சியாக முடிந்தால் சரி என்பது ஒரு தவறான கணக்கு. உங்கள் உறவினர்கள் எரிந்த வீட்டைப் பார்த்துப் பதறுகிறார்கள். இந்தக் கதைகளை மதிப்பிடப் பயின்றவர் அதற்கு முன்னால் முழு மதிப்பெண் கதையில்தான் நிற்பார்.

அந்தக் கதையில் அம்மா மருத்துவமனைக்குப் போகிறார். அந்தப் பெண்ணுக்குப் பயமாக இருந்ததா? யாரிடமாவது சொன்னாளா? வீட்டில் அப்போது யார் இருந்தார்கள்? எதுவும் இல்லை. துன்பத்திலிருந்து நேராக முடிவுக்குத் தாவிவிட்டாள். நடுவே இருந்த இடத்தை மதிப்பெண் நிரப்புகிறது. ‘நான் தொல்லை தராமல் நன்றாக நடந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற கணக்கு அதில் தெரிகிறது. இதே படத்துக்கு வேறொரு பிள்ளை இப்படிச் சொல்லலாம்: “அவளுக்கு வயிறு கலக்குற மாதிரி இருந்துச்சு. அப்பாகிட்ட அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டா. அப்பா போன் போட்டுக் கொடுத்தாரு. அம்மா, நாளைக்கு ஊசி போட்டுட்டு வந்துடுவேன்னாங்க. அப்புறம் அவ போய்ப் படம் வரைஞ்சா.” துன்பத்துக்கு ஒரு பெயர், சொல்ல ஓர் ஆள், அந்த ஆள் செய்த ஓர் உதவி, அதனால் மனம் ஆறித் தன் வேலைக்குத் திரும்புவது. இந்தச் சங்கிலி முழுமையாக இருந்தால், அம்மா மறுநாள் வராவிட்டால்கூட அது பாதுகாப்பான பிணைப்பைக் காட்டும் கதைதான். உங்கள் மகளின் கதையில் முதல் கண்ணியே இல்லை. முழங்கைக் காயத்தை அவள் மறைத்ததும் இதோடு ஒத்துப்போகிறது. அதனால் அறிக்கையின் திசை தவறு என்று நான் சொல்லமாட்டேன். அதிலுள்ள உறுதிதான் அதிகப்படி.

எரிந்த வீட்டுக் கதை வேறு மாதிரி. இந்த வயதுப் பிள்ளைகள் அலுத்துப்போனால் எல்லோரையும் கொன்று கதையை மூடிவிடுவது சாதாரணம். கூடவே வரும் சிரிப்பு கூச்சமாகவும் இருக்கலாம், சங்கடத்திலிருந்து தப்பிக்கும் வழியாகவும் இருக்கலாம். ஒரே ஒரு கதையில் வரும் பேரழிவுக்குத் தனியாக எடை கிடையாது. பல கதைகளில் திரும்பத் திரும்ப வந்தால், சம்பந்தமே இல்லாத படத்திலும் திடீரென நுழைந்தால், காப்பாற்ற ஒருவரும் வராமலே முடிந்தால், சொல்லும்போது பிள்ளை உறைந்துபோனாலோ குரல் மாறினாலோ, அப்போது மதிப்பீட்டாளர் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்வார். இன்னொரு குறிப்பையும் தேடுவார்: பிள்ளை பெரியவரின் பாத்திரத்தை ஏற்று அம்மாவைத் தேற்றுவது, சமைத்துப் போடுவது, அப்பாவைச் சமாதானம் செய்வது.

ஆனால் கதைக்குள் வந்தது வேறு, “எனக்கு நடந்தது” என்று பிள்ளை சொன்னது வேறு. பதிவின் இரண்டாம் பாதியில், அல்லது வேறெப்போதாவது, யாரோ அடித்ததாகவோ தகாத இடத்தில் தொட்டதாகவோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுவதாகவோ அவள் சொல்லியிருந்தால், அது பிணைப்பு மதிப்பீட்டின் எல்லையைத் தாண்டிவிட்டது. உளவியலாளர் அதை உங்களிடம் தனியாகச் சொல்லி, உங்கள் ஊர்ச் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்திருக்க வேண்டும். “அப்படி ஏதாவது சொன்னாளா?” என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றால் எரிந்த வீட்டை அதோடு விட்டுவிடுங்கள். மகளிடம் போய், “ஏன் அப்படிச் சொன்னே?” என்று துருவ வேண்டாம். தன் கதை வீட்டில் அலசப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை அதையும் சொல்லமாட்டாள்.

அறிக்கையை நம்பும் முன் கேட்க வேண்டியவை

ஒரு பக்கம் போதாது. நேரில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் நல்ல உளவியலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். இவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்:

1. எந்த முறை, எந்த வயதுக்கானது? அதை மதிப்பிட அவர் தனிப் பயிற்சி பெற்றவரா? படத்தைக் காட்டிக் கதை கேட்பது எளிது. மதிப்பிடுவதற்குத் தனியாகப் பயின்று, தேர்ந்தவர்களின் மதிப்பீட்டோடு தன்னுடையது ஒத்துப்போகிறதா என்று சோதித்துத் தேற வேண்டும்.

2. எத்தனை கதைகள்? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வந்த முடிவா, இரண்டை வைத்து வந்ததா?

3. பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதினார்களா? சாரத்தை மட்டும் எழுதினால் பாதி போய்விடும். எங்கே தயங்கினாள், எந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டாள், ‘அவள்’ என்று சொல்லிக்கொண்டே வந்தவள் எந்த இடத்தில் ‘நான்’ என்றாள் என்பதெல்லாம் மதிப்பீட்டுக்குத் தேவை.

4. மதிப்பிட்டவருக்குக் குடும்பக் கதை முன்பே தெரியுமா? “அம்மா இரண்டரை ஆண்டு இல்லை” என்று தெரிந்துகொண்டு கேட்பவர் காதில் விலகல் சற்றுக் கூடுதலாகவே விழும்.

5. யாருடனான பிணைப்பு? பாட்டியோடு ஒரு விதமாகவும் உங்களோடு வேறு விதமாகவும் இருக்க முடியும். பிள்ளைக்கே ஒரு வகையை முத்திரை குத்தியதுபோல எழுதியிருந்தால், அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று பொருள்.

6. குரல் பதிவு யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும்? பள்ளிக்கு என்ன போயிற்று? முழு அறிக்கை வகுப்பாசிரியைக்குப் போக வேண்டிய தேவையில்லை.

மொழியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கில் இதுதான் பெரிய ஓட்டை. பயம், ஏக்கம், கோபம் எல்லாம் அவளுக்குத் தமிழில் வந்தவை. பாட்டி வீட்டில் இரவில் விழித்து அழுதிருந்தால் தமிழில்தான் அழுதிருப்பாள். ஆங்கிலம் அவளுக்கு வகுப்பு மொழி. அந்த மொழியில் கதை சொல்லச் சொன்னால் கட்டுரைப் பயிற்சியில் எழுதுவதுபோலத்தான் வரும்: பள்ளிக்குப் போனாள், முழு மதிப்பெண் வாங்கினாள், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான்கு வரியில் முடிந்த, உணர்ச்சிச் சொல் இல்லாத கதைக்குக் காரணம் பிணைப்பா, சொல்வளமா என்று இந்தப் பதிவை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. பொதுவாகவே மொழித்திறன் குறைந்த பிள்ளைகளின் கதைகள் கோவையற்றுத் தோன்றும். கவனக் குறைபாடோ ஆட்டிசமோ இருந்தாலும் கதை வேறு மாதிரி வரும். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பிணைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

இது நோயா?

இல்லை. ‘பாதுகாப்பற்ற பிணைப்பு’ மருத்துவ நோயறிதல் அல்ல. எந்தச் சிக்கலும் இல்லாத சாதாரணக் குடும்பங்களில் பார்த்தாலும், ஆய்வுகளில் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ அந்த வகைகளில் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரணமாகவே வளர்கிறார்கள். உளநோய்ப் பட்டியலில் உள்ள எதிர்வினைப் பிணைப்புக் கோளாறு முற்றிலும் வேறு. மிகக் கடுமையான புறக்கணிப்பில், பார்த்துக்கொள்ள நிலையான ஒருவர் கிடைக்காமல் வளர்ந்த குழந்தைகளிடம், ஐந்து வயதுக்கு முன்பே தெரிய வருவது அது. உங்கள் மகளுக்கு அப்பா இருந்தார், பாட்டி இருந்தார். இணையத்தில் இரண்டையும் போட்டுக் குழப்பியிருப்பார்கள். அதைப் படித்துத்தான் நீங்கள் ‘நோய்’ என்ற சொல்லுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

விலகும் வகை என்றால் பாசம் இல்லை என்றும் பொருள் இல்லை. எய்ன்ஸ்வொர்த்தின் அறையில் தாயைக் கண்டுகொள்ளாமல் பொம்மையோடு இருந்த குழந்தைகளுக்கும் இதயத் துடிப்பு ஏறித்தான் இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. உள்ளே அலை இருந்தது, முகத்தில் வரவில்லை. அம்மாவை இழுத்துப் பிடிக்க முடியாது என்று ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குப் புரிந்தபோது, அழுகையை அடக்கிக்கொள்வது அவளுக்குக் கிடைத்த நல்ல வழி. அப்போது அது வேலை செய்தது. இப்போது அம்மா பக்கத்திலேயே இருந்தும் பழைய வழியே தொடர்கிறது.

இதுதான் ‘தண்டனையா’ என்ற உங்கள் கேள்விக்கும் பதில். நீங்கள் போனதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். இல்லை என்று ஆறுதலுக்காகச் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் அதுதான் காரணம் என்று இந்தத் தேர்வால் நிறுவவும் முடியாது. இயல்பிலேயே அடக்கமான பிள்ளைகள் உண்டு. பாட்டியிடமிருந்து உங்களிடம் வந்ததும் அவளுக்கு ஓர் இழப்புதான். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஐந்தரை வயதில், தினமும் பார்த்துக்கொண்டவரைப் பிரிந்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தவரிடம் வந்திருக்கிறாள். அதை வீட்டில் யாராவது அவளோடு பேசியிருக்கிறீர்களா?

வீட்டில் தொடர வேண்டாம்

பொம்மைக் கதைகளை நிறுத்திவிடுங்கள். காரணத்தை உங்கள் மகளே சொல்லிவிட்டாள். பயின்ற தேர்வாளர் “அப்புறம்?”, “வேறென்ன?” என்பதற்கு மேல் அதிகம் கேட்கமாட்டார். பிள்ளை சிக்கலைத் தொடாமலே போனால், “முழங்காலில் அடிபட்டதே, அதற்கு யாராவது ஏதாவது செய்தார்களா?” என்று ஒருமுறை நினைவூட்டுவார். “அம்மா வந்தாங்களா?” என்று கேட்கமாட்டார், கேட்டால் பதிலைத் தானே ஊட்டியதாகிவிடும். நீங்களோ கதையில் இருக்கும் அம்மாவாகவும், கேட்பவராகவும், பதிலுக்குக் கவலையோடு காத்திருப்பவராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் படிப்பதில் கைதேர்ந்த பிள்ளை அவள். உங்களைச் சமாதானப்படுத்தும் கதையைத்தான் சொல்வாள். அதோடு, துன்பத்தைக் கிளறி ஒரு கதையைத் தொடங்கினால் முடிவில் இலேசான ஒரு கதையில் பிள்ளையை இறக்கிவிட வேண்டும். காணொளிகளில் அந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. ‘நல்ல’ கதை சொல்லப் பழக்கவும் வேண்டாம். முழு மதிப்பெண் கதையை அவள் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கிறாள்.

மாமியார் சொல்வதும், அறிக்கைக்கு உள்ள எல்லையும்

பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்பதை இந்த அறிக்கையால் தீர்மானிக்க முடியாது. பிணைப்பு ஆய்வாளர்கள் 70 பேர் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கூட்டறிக்கை, நீதிமன்றங்களில் இந்த ஆய்வுகள் தவறாகப் பயன்படுவதைப் பற்றியதுதான். பிள்ளைக்குப் பழகிய, கொடுமை செய்யாத பராமரிப்பாளர் வேண்டும். ஓரளவு நல்ல பராமரிப்பு தடைபடாமல் தொடர வேண்டும். ஒருவரோடு மட்டுமல்லாமல் பலரோடு பிணைப்பு இருப்பது நல்லது என்ற மூன்றை அவர்கள் முன்வைத்தார்கள். பிணைப்பின் வகையை அளப்பது, குடும்பத்துக்கு எந்த உதவி தேவை என்று பார்க்கத்தான் அதிகம் பொருந்தும், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுக்க அல்ல என்றும் சொன்னார்கள். உங்களிடமிருந்து அவளைப் பாட்டியிடம் அனுப்பினால், மூன்றரை ஆண்டுத் தொடர்ச்சியை மறுபடி வெட்டுவதாகும்.

ஆனால் மாமியாரின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அவர் இரண்டாம்பட்சம் அல்ல. வாரத்தில் ஒரு நாள் பாட்டியோடு இருக்கட்டும், வேண்டும்போது போனில் பேசட்டும். “அத்தை, நீங்க இல்லாம அந்த ரெண்டரை வருஷம் ஓடியிருக்காது. அவ எங்ககூடதான் இருப்பா, ஆனா உங்களை விட்டுப் போகமாட்டா” என்று உங்கள் கணவரும் உடன் இருக்கும்போது சொல்லுங்கள். அறிக்கையின் நகலை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். விவகாரம் சட்டத்துக்குப் போகும்போலிருந்தால் குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கட்டிப்பிடித்து அழவைக்கும் சிகிச்சைக்கு அழைத்துப் போகவே கூடாது. பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து அடக்கும் இத்தகைய முறைகளால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். குழந்தைக் கொடுமையைத் தடுக்கும் துறையில் பணியாற்றும் அமெரிக்க வல்லுநர் அமைப்பின் குழு 2006-இலேயே இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவிட்டது. பயன் இல்லை என்பதைவிட மோசம் இது: ‘என் உடம்பு எனக்குச் சொந்தமில்லை, கத்தினாலும் விடமாட்டார்கள்’ என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்வாள்.

இனி என்ன செய்யலாம்

அறிக்கையில் உங்களுக்குப் பயன்படுவது ஒன்றே ஒன்று: துன்பம் வந்ததும் அவள் யாரிடமும் சொல்வதில்லை. அந்த ஓர் இடத்தில் வேலை செய்யுங்கள்.

விலகிப் பழகிய பிள்ளையிடம் பாய்ந்து போய் அணைத்துக் கேள்விகளாகக் கேட்டால் இன்னும் உள்ளே போய்விடுவாள். அடிபட்டது தெரிந்தால், “ஏன் சொல்லலை?” என்று தொடங்காதீர்கள், அது அவள் காதில் குற்றச்சாட்டாக விழும். பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். “எரியும்போல இருக்கே. நான் போடவா, நீயே போட்டுக்கறியா?” அவள் “நானே” என்றால் மூடியைத் திறந்து கையில் கொடுங்கள், ஆனால் எழுந்து போகாதீர்கள். முடிந்ததும், “அடிபட்டா எனக்குத் தெரியணும்னு ஆசை. எப்ப சொன்னாலும் பரவால்ல” என்று ஒருமுறை சொல்லி விட்டுவிடுங்கள். முதல் சில தடவை ஒன்றும் நடக்காது. பிறகு ஒருநாள் ஆறிப்போன காயத்தைக் காட்டுவாள். அது முன்னேற்றம், “இப்பத்தான் சொல்றியா?” என்று கேட்டு அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

இவளைப் போன்ற பிள்ளைகள் முகத்துக்கு நேரே பேசுவதைவிடப் பக்கவாட்டில் பேசுவார்கள். துணி மடிக்கும்போது, நடந்து போகும்போது, விளக்கணைத்த பின் படுக்கையில். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் அவள் தேர்ந்தெடுக்கும் ஏதாவதொன்றில் கூட இருங்கள். திருத்தாமல், கற்றுக்கொடுக்காமல், போனைத் தொடாமல். தவறாமல் நடப்பதுதான் இதில் முக்கியம். ஒரு நாள் முடியாவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். போகும்போது சொல்லிவிட்டுப் போவதும், சொன்ன நேரத்துக்கு வருவதும் இவளுக்கு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக வேண்டும்.

அந்த இரண்டரை ஆண்டைப் பேசுங்கள், ஒரே நாளில் அல்ல. அந்தக் காலத்துப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே இருந்தேன், ஏன் போனேன், நீ யாரோடு தூங்கினாய், நான் வந்து திரும்பும்போது என்ன நடக்கும் என்று உண்மையைச் சொல்லுங்கள். “நான் போனது உன்னால இல்ல” என்ற வாக்கியம் அதில் கட்டாயம் வர வேண்டும். பிள்ளைகள் பலர் காரணத்தைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அழுது, அவள் உங்களைத் தேற்றும் நிலைக்கு மட்டும் போகவிடாதீர்கள். அழுகை வரும் என்று தோன்றினால் முதலில் கணவரிடமோ ஓர் ஆலோசகரிடமோ பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள். “உனக்கு என்னைப் பிடிக்குமா, பாட்டியைப் பிடிக்குமா?” என்ற கேள்வி விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

மறுமதிப்பீடு இப்போதைக்குத் தேவையில்லை. அதே படங்களை ஆறு மாதத்துக்குள் காட்டுவதை நான் விரும்பமாட்டேன்; பழைய பதிலையே சொல்வாள். ஆறு மாதம் கழித்தும் காயத்தையும் கவலையையும் அவள் மறைத்துக்கொண்டே இருந்தால், அல்லது தூக்கம், சாப்பாடு, நட்பு இவற்றில் மாற்றம் தெரிந்தால், தமிழில் பேசி மதிப்பிடக்கூடிய ஒருவரிடம் போங்கள். அப்போது வேறு முறையைக் கேளுங்கள். அவள் வயதுக்குக் குழந்தைப் பிணைப்பு நேர்காணல் பொருந்தும். அதில் கதை கிடையாது. அம்மாவோடு இருப்பது எப்படி என்று மூன்று சொற்கள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்வார்கள். கூடவே நீங்களும் அவளும் சேர்ந்து எதையாவது செய்வதைக் காணொளியில் பதிவு செய்து, அதை உங்களோடு உட்கார்ந்து பார்த்து, அவள் உங்களை நாடிய நொடிகளைச் சுட்டிக்காட்டுபவராக இருந்தால் இன்னும் நல்லது. தேர்வுக்கு முன் மகளிடம் எதற்காக, என்ன செய்வார்கள், பதிவை யார் கேட்பார்கள் என்று சொல்லி அவள் சம்மதத்தையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.